கடற்கரைத் திடலும் நம் ஊர் மந்தையும்

(அருப்புக்கோட்டையில் நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்னைக்குப் போய் வந்தவரிடம் நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "கடற்கரையைப் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தோம். சங்க வேலையாக நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். மூவர் தறிக்காரர்கள், ஒருவர் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயி. வேலை முடிந்த மாலையில் மெரினாவுக்கு நடந்தோம். அலையைப் பார்க்க அல்ல, திடலைப் பார்க்கப் போனோம்.

வெளிநாடு போகிறவர்கள் அங்கேயுள்ள சதுக்கங்களைப் பார்த்து வருகிறார்கள். லண்டனில் டிரபால்கர் சதுக்கம் இருக்கிறது. 1805ம் ஆண்டுக் கடற்போரின் வெற்றிக்காக வைத்த பெயர் அது. தளபதி நெல்சனுக்கு நடுவிலே ஒரு பெரும் தூண். ஆனால் அந்த இடத்துக்குப் பெருமை தூணால் வந்ததல்ல. வேலையில்லாத் தொழிலாளர்கள் அங்கே கூடினார்கள். கூட்டம் போடக் கூடாது என்று போலீஸ் கமிஷனர் தடை போட்டார். 1887 நவம்பர் 13ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தடையை மீறி ஜனங்கள் நாலா திசையிலிருந்தும் திரண்டு வந்தார்கள். போலீசும் பட்டாளமும் பாய்ந்தன. மண்டைகள் உடைந்தன. அந்த நாளுக்கு "ரத்த ஞாயிறு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அன்று ஊர்வலத்தில் வந்தவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். ஆம், பின்னர் சென்னை அடையாற்றிலிருந்து ஹோம்ரூல் இயக்கம் நடத்திய அதே அம்மையார்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1892ல், தடை தளர்ந்தது. அந்தச் சதுக்கம் மக்களுடையதானது இப்படித்தான்.

சென்னைத் தொழிலாளிக்குச் சதுக்கம் கட்டிக் கொடுத்தவர் யாருமில்லை. மணலே அவன் சதுக்கம். 1907ல் விபின் சந்திர பாலர் வந்து சுதேசி முழக்கமிட்டது இந்தக் கடற்கரையில்தான். திலகரின் பெயரால் திலகர் கட்டம் என்று இந்த மணலை ஜனங்கள் அழைத்தார்கள். 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது போலீசார் இங்கே கூடியவர்கள் மீது பாய்ந்தார்கள்.

அதற்கும் முன்னால், 1923 மே முதல் நாள்! மீனவர் குலத்தில் பிறந்த தோழர் சிங்காரவேலர், இந்தியாவிலேயே முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடினார். ஒரு கூட்டம் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில். இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். தொழிலாளிக்கும் விவசாயிக்கும் சேர்த்து ஒரு கட்சி அன்றுதான் அறிவிக்கப்பட்டது. இரண்டு பேரையும் ஒரே பெயரில் இணைத்தாரே, அதைக் கவனியுங்கள். தறியும் ஏரும் ஒன்று சேர வேண்டும் என்று நாம் இன்று பேசுகிறோம். அவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே மணலில் நின்று சொல்லிவிட்டார்.

அந்தக் கடற்கரைச் சாலையில்தான் உழைப்பாளர் சிலை நிற்கிறது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1959 ஜனவரி 25ல் திறக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நம் தறிக்காரத் தோழர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நாலு பேர் பிடித்தும் கல் நகரவில்லையே, அண்ணாச்சி?" என்றார். விவசாயத் தோழர் சொன்னார்: "நகரும் தம்பி. ஆளுக்கொரு பக்கமாத் தள்ளாம, நாலு பேரும் ஒரே பக்கமாத் தள்ளுறாங்க, பார்த்தியா?"

ஆனால், தோழர்களே, இன்று அந்த மணலில் நாம் கூட்டம் போட முடியாது. மேடையாக இருந்த சீரணி அரங்கத்தை 2003ல் இடித்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கான வாலிபர்கள் அங்கே ஒரு வாரம் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 23ம் தேதி சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அதே நாளில் கடற்கரையில் போலீஸ் அவர்களை விரட்டியது. 2018ல் காவிரிக்காக அங்கே உண்ணாவிரதமிருக்க விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு அனுமதி கேட்டார். ஒரு நீதிபதி ஒரே ஒரு நாள் கொடுத்தார். மேல் பெஞ்சு அதையும் தடுத்துவிட்டது. காற்று வாங்கலாம், சுண்டல் தின்னலாம். குறையைச் சொல்லக் கூடக் கூடாது!

இதிலிருந்து நாம் கற்பது என்ன? திடல் பட்டாவால் மக்களுடையதாவதில்லை. கூடுவதால் ஆகிறது. கூடாமல் விட்டால் கை நழுவிப் போகிறது.

இந்தக் கரிசல் சீமையில் ஊருக்கு ஊர் ஒரு மந்தை உண்டு. மாடு அடைவதும், கம்பும் சோளமும் அடிப்பதும், கூத்து நடப்பதும், வழக்குத் தீர்ப்பதும் அங்கேதான். அதுவே நம் சதுக்கம். இன்று அதன் கதி என்ன? நம் வட்டாரத்தில் ஒரு கிராமம்; பெயர் வேண்டாம். மந்தையின் பாதியில் ஒரு பெரிய மனிதர் கம்பிவேலி போட்டுவிட்டார். மீதிப் பாதியில் சாவடி இருக்கிறது. அந்தச் சாவடித் திண்ணையில் காலனி ஜனங்கள் உட்காரக் கூடாதாம்! அந்த ஊரார் நம்மிடம் வந்து, "வேலியை அகற்றப் போராடுங்கள்" என்றார்கள். நாம் கேட்டோம்: "திண்ணையில் எல்லாரும் உட்காரலாமா?" பதில் வரவில்லை.

தோழர்களே, இரண்டும் ஒரே வேலிதான். ஒன்று கம்பியால் போட்டது. மற்றது சாதியால் போட்டது. சாதி வேலியைக் காப்பாற்றிக்கொண்டு கம்பி வேலியைப் பிடுங்க முடியாது. ஊரில் பாதிப் பேரை மந்தைக்கு வெளியே நிறுத்திவிட்டால், வேலிக்காரனை எதிர்த்து நிற்க ஆள் ஏது? பாறையை நாலு பேரும் ஒரே பக்கம் தள்ள வேண்டாமா?

கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2011ல் எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு தானாக நடந்து வந்து வேலியைப் பிடுங்காது. மே முதல் நாள் தமிழ்நாடெங்கும் கிராம சபை கூடும் நாள். சிங்காரவேலர் கொடியேற்றிய அதே நாள்! அன்று ஊராரும் காலனியாரும், ஆண்களும் பெண்களும், மந்தையிலே ஒன்றாய் உட்காருங்கள். மந்தையை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். சாவடித் திண்ணை எல்லாருக்கும் பொது என்பதை அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.

லண்டன் தொழிலாளி தன் சதுக்கத்தை வாங்கியது காசு கொடுத்தல்ல. கூடி நின்று வாங்கினான். நம் மந்தையையும் அப்படியே மீட்போம். மே முதல் நாள் மந்தையில் சந்திப்போம்!