கிரயத்திற்கு முன் தீர வேண்டிய கடன்கள்

(அறக்கட்டளையின் விழா நாளில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கடையையோ, கிடங்கையோ, பட்டறையையோ விற்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆகும் நேரம் மிகக் குறைவு. பெயரைக் கேட்பார்கள், விரல் ரேகை பதிவாகும், படம் எடுப்பார்கள், எழுந்து வந்துவிடலாம். அந்த நாற்காலியில் சென்று அமர்வதற்குத்தான் சில குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டுகளும், சில குடும்பங்களுக்குப் பத்து ஆண்டுகளும் ஆகிவிடுகின்றன. அந்த இடைக்காலத்தில் உறக்கம் கெடுகிறது. உடன்பிறந்தோர் பேச்சை நிறுத்துகின்றனர். வாங்க வந்தவர் விலகிப் போகிறார். இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது, இதில் எவ்வளவு தவிர்க்கக்கூடியது என்பதே இவ்வுரையின் பொருள்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து முன்னோர் சென்னைக்கு வந்து தொழில் நடத்திய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அன்று அவர்கள் சேர்த்த சிறு சொத்துகளை இன்று பேரன்மார் விற்க முற்படும் காலம் இது. ஆகவே இது பலருடைய இல்லத்துச் செய்தியாகும்.

பின்னி ஆலை சொல்லும் செய்தி

வடசென்னையின் புளியந்தோப்பையும் பெரம்பூரையும் ஒட்டி நின்ற பக்கிங்காம் கர்நாடிக் ஆலையை அறியாதார் இல்லை. ‘பின்னி மில்’ என்றால்தான் எளிதில் விளங்கும். பக்கிங்காம் ஆலை 1876ஆம் ஆண்டிலும், கர்நாடிக் ஆலை 1881ஆம் ஆண்டிலும் தோன்றின. 1920இல் இரண்டும் ஒன்றாயின. அங்கு நெய்த காக்கித் துணி பல துறையினரின் சீருடையாயிற்று. அவ்வாலைத் தொழிலாளரை முதன்மையாகக் கொண்டே 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றனர். 1921ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளும், துப்பாக்கிச் சூடும் அவ்வட்டாரத்தின் ஆறாத நினைவுகள்.

1996இல் ஆலை மூடப்பட்டது. அறுபது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். நகரின் நடுவே, துறைமுகத்திற்கும் இரயில் பாதைக்கும் அருகில். விலைக்கு வாங்க ஆளில்லாத இடமா அது? ஆயினும் அவ்விடத்தில் அடுக்ககங்களும் வணிக வளாகமும் எழத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. அதுவரை காலியான கூடங்கள் திரைப்படச் சண்டைக் காட்சிகளுக்கு வாடகைக்குப் போயின. நூல் ஓடிய இடத்தில் நாயகர்களும் வில்லன்களும் ஓடினர்.

ஓர் ஆலை நிலம் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பது ஏன்? அதன்மேல் உரிமை கொண்டோர் பலர் என்பதே விடை. தொழிலாளருக்கு ஊதிய நிலுவையும், பணிக்கொடையும், சேம நிதியும் உண்டு. கடன் கொடுத்த வங்கிகளுக்கு அடமான உரிமை உண்டு. அரசுக்கு வரி உரிமை உண்டு. 1985ஆம் ஆண்டின் நலிவுற்ற தொழில்கள் சட்டத்தின் கீழ் வந்த நிறுவனம் தன் விருப்பப்படி சொத்தை விற்றுவிட இயலாதவாறு தடுக்கும் அதிகாரம் அதற்குரிய வாரியத்திடம் இருந்தது. 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் 1999இல் நீக்கப்படும் வரை பெருநிலம் வைத்திருந்தோரைக் கட்டுப்படுத்தியது. மும்பையிலும் இதே கதைதான். 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப் பின் நலிந்த பஞ்சாலைகளின் நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்ற வழக்கு, 2006ஆம் ஆண்டில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது.

விற்பவர் கண்ணுக்கு இவையெல்லாம் தடைகளாகத் தோன்றும். முப்பது ஆண்டுகள் தறியில் நின்ற ஒருவரின் கண்ணால் பார்த்தால், அந்தத் தடைதான் அவருடைய பணிக்கொடைக்குக் காவல். தாமதம் என்று நாம் சொல்லும் காலம், பெரும்பாலும் வேறொருவருடைய உரிமை பேசும் காலமாகவே இருக்கிறது. பெரிய ஆலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை, ஒரு கிரவுண்டு கிடங்கிற்கும் அப்படியே பொருந்தும்.

பத்திரம் பேசத் தொடங்கும்போது

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பாட்டனார் 1960களில் புளியந்தோப்பில் ஒரு கிடங்கு வாங்கினார். உயில் எழுதாமல் காலமானார். பாட்டியும் இன்று இல்லை. மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். இப்போது மூன்று கோடி ரூபாய்க்கு அதை வாங்க ஒருவர் முன்வருகிறார். ‘ஆளுக்கு ஒரு கோடி, மூன்று மாதத்தில் முடிந்துவிடும்’ என்று மகன்கள் மூவரும் கணக்கிடுகின்றனர்.

முதலில் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார்கள். அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனால் மூலப்பத்திரம் வீட்டில் இல்லை. பாட்டனார் அதை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றிருந்தார் என்பது பழைய கடிதம் ஒன்றால் தெரிகிறது. அக்காலத்தில் பத்திரத்தை ஒப்படைத்துப் பெறும் கடன் பதிவு அலுவலகத்திற்கு வராமலே முடிந்துவிடும். வில்லங்கச் சான்றிதழில் தோன்றாது. இவற்றைத் தேசிய அளவில் பதிவு செய்யும் ஏற்பாடே 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. கடனை அடைத்திருப்பார்கள், அடைத்ததற்கான சான்றைத் தேடி எடுக்க ஆறு மாதம் ஆகும். பிறகு நில அளவை. பத்திரத்தில் 2400 சதுர அடி, அளந்தால் 2250. மீதி எங்கே போயிற்று? பக்கத்துச் சுவருக்குள்ளா, தெருவுக்குள்ளா, கால்வாய்ப் புறம்போக்கிலா? இதற்கு விடை தெரியும் வரை வாங்குபவருடைய வங்கி கடன் தராது.

அடுத்தது கிடங்கின் பின்புறத்து வெற்று மனை. அதைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாடகைக்கு எடுத்துத் தம் செலவில் கொட்டகை போட்டுத் தொழில் நடத்துகிறார். ‘ஒரு மாத அறிவிப்புக் கொடுத்தால் போய்விடுவார்’ என்பது குடும்பத்தின் எண்ணம். சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1921 என்ற ஒன்று உண்டு. அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் பழைய குத்தகையாக இருந்தால், கட்டிய கட்டடத்திற்கு இழப்பீடு தராமல் அவரை வெளியேற்ற முடியாது. அதற்கும் மேலாக, தேவையான அளவு மனையைத் தமக்கே விற்குமாறு நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. விற்பனைப் பேச்சு தொடங்கிய பின் இதை அறிவது பேரதிர்ச்சி. முன்பே அறிந்து, அவரை அழைத்துப் பேசி, எழுத்தில் உடன்பாடு கண்டிருந்தால் அது ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

அத்தையின் கையெழுத்து

நிலத்தையும் வாடகைதாரரையும் விடப் பெரிய அதிர்ச்சி குடும்பத்துக்குள்ளிருந்தே வருகிறது. ‘மகள்கள் இருவரும் கையெழுத்திட்டார்களா?’ என்று வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கிறார். ‘அவர்களுக்குக் கல்யாணத்தில் எல்லாம் செய்தாகிவிட்டது’ என்று மூத்த மகன் பதில் சொல்கிறார். பல வீடுகளில் சொல்லப்படும் பதில் இது. ஆனால் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, அவர் உயில் எழுதாமல் காலமானால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்காகச் சேரும். இது நேற்று வந்த மாற்றம் அன்று. 1956 முதலே உள்ள நிலை. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்பதைத் தமிழ்நாடு 1989லும், நாடு முழுவதற்குமான திருத்தம் 2005லும் நிலைநாட்டின. திருமணத்தின்போது செய்த சீர் எந்தப் பங்கையும் அழிக்காது.

ஆகவே மூன்று கோடி என்பது ஐந்து பங்கு. ஆளுக்கு அறுபது இலட்சம். இளைய அத்தை காலமாகிவிட்டார் என்றால் அவர் பங்கு அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார். அவர் அனுப்பும் அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். வெளிநாட்டில் வாழ்பவரின் பங்குக்கு வரிப் பிடித்தமும் வேறு. உள்நாட்டவர் விற்கும் ஐம்பது இலட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்துக்குப் பிடிக்கும் ஒரு விழுக்காடு அங்குப் பொருந்தாது. பிடித்தம் மிக அதிகம்.

இந்த இடத்தில் குடும்பம் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கிறது. ‘ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு அக்கா, முதலில் விற்பனை முடியட்டும்’ என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது ஒரு வழி. பங்கு இன்னது என்று சொல்லி, அதை அவர் அறிந்த பின் கையெழுத்துக் கேட்பது மற்றொன்று. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. உரிமை உண்டு என்பதையே மறைத்துப் பெற்றால், அதற்குக் களவு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. வேகமாக முடியும் என்று தேர்ந்த முதல் வழி, பத்தாண்டு கழித்து அத்தையின் மகனால் நீதிமன்றத்தில் திறக்கப்படுவதும் உண்டு. அப்போது பணத்தோடு உறவும் போய்விடும்.

வாய்மையின் விலை

எல்லோரும் உடன்பட்டு ஒப்பந்தம் எழுதிய பின்னும் சோதனை முடிவதில்லை. புளியந்தோப்பு தாழ்ந்த நிலப்பகுதி. 2015ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அப்பகுதி நீரில் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் கிடங்கிற்குள் முழங்கால் அளவு நீர் வரும் என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவர் கோடையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். சொல்வதா, வேண்டாமா?

வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டறிய முடியாத முக்கியக் குறையை, அறிந்த விற்பனையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். சொன்னால் விலை குறையலாம். வாங்குபவர் போய்விடவும் கூடும். மீண்டும் ஆறு மாதம் காத்திருக்க நேரலாம். அந்த இழப்பு மெய்யானது. அதை இல்லையென்று சொல்லிப் பயனில்லை. ஆயினும் குறையை அறிந்து வாங்கியவர் பின்னர் வழக்கோடு வருவதில்லை.

விலையைப் பிரித்து, பத்திரத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வாங்கிக்கொண்டால் விரைவில் முடியும் என்று சொல்லும் தரகரும் வருவார். நிலம் விற்பதற்கான தொகையை இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டத்திற்கு முரணானது. பெற்ற தொகை அளவுக்கே தண்டம் விதிக்கப்படலாம். வாய்மை, களவாமை, பொருளுக்கு எல்லை வகுத்தல் ஆகியவற்றை இல்லறத்தாரின் அணுவிரதங்களாகப் போற்றும் சமுதாயத்திற்கு, அவை சோதிக்கப்படும் இடம் கிரயப் பேச்சு நடக்கும் மேசைதான்.

செய்யக்கூடியவை

விற்கும் எண்ணம் எழும் முன்பே, பெரியவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, மூலப்பத்திரம், கடன் தீர்த்த சான்று, பட்டா, சொத்து வரி இரசீது ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். எந்தக் கடன் எப்போது தீர்ந்தது என்பது அவருடைய நினைவில் மட்டுமே இருக்கலாம். வாரிசுச் சான்றிதழில் எல்லோருடைய பெயரும் இடம்பெறச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடும் பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடும் வாங்குபவர் மீது விழுவதால், அவர் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்க முயல்வார் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

குடும்பத்தின் சார்பில் ஒருவரே பேச வேண்டும். அவர் மாதந்தோறும் நடந்ததை எல்லாப் பங்காளிகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதி மனக்கசப்பு தாமதத்தால் வருவதில்லை, செய்தி தெரியாமையால் வருகிறது. கைக்கு வராத பணத்தை நம்பித் திருமணத் தேதியும், புது வீட்டின் முன்பணமும் குறிப்பது மிகப் பெரிய தவறு. அப்படிக் குறித்தவருக்கு ஒவ்வொரு வாரத் தாமதமும் தண்டனையாகிறது. குறிக்காதவருக்கு அது காத்திருப்பு மட்டுமே.

எல்லாம் செய்தும் தாமதம் வரலாம். சார்பதிவகத்தில் கணினி நின்றுவிடும், அளவையர் மாற்றலாகிப் போவார், மழை வரும். அவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை. நாம் தீர்க்காமல் விட்ட கடன்களால் வரும் தாமதம் வேறு. அதற்குப் பொறுமை மருந்தாகாது, தீர்ப்பதே மருந்து.

ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும், ‘இச்சொத்தில் எவ்வித வில்லங்கமும் கிடையாது’ என்று விற்பவர் உறுதி கூறும் வரி ஒன்று உண்டு. எழுத்தர் அதைப் பழக்கத்தால் எழுதிவிடுகிறார். வாடகைதாரரும், அத்தையும், வாங்குபவரும் அருகில் அமர்ந்திருக்கையில் அந்த வரியை உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திட முடிகிற குடும்பத்திற்கு, விற்பனை எத்தனை ஆண்டு தாமதமானாலும் நட்டமில்லை.

 அறம் வாழ்க.