வீட்டையும் கேளுங்கள்



மணமான பெண்களின் மன உளைச்சலைப் பேசும் இந்தக் கருத்தரங்குக்குத் திருப்பதி பொருத்தமான ஊர். 1983இல் பெண்களுக்கென்றே தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. வீட்டை ஒரு பாடமாக மதிக்கும் மனையியல் துறையும் அதில் உண்டு. ஆனால் மன உளைச்சல் ஆய்வுகளில் வீடு இன்னும் ஓரமாகவே நிற்கிறது. கணவர், மாமியார், வரதட்சணை என்று பல கேள்விகள் கேட்கிறோம். வீட்டைப் பற்றி மட்டும் ‘சொந்தமா, வாடகையா’ என்று ஒரே கேள்வி.

அந்த ஒரு கேள்வி எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2020 டிசம்பர் 25 அன்று, வீடில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு மனைப்பட்டா வழங்கும் திட்டத்தை ஆந்திர அரசு தொடங்கியது. கிராமத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட். பட்டா பெண்ணின் பெயரில். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ‘வீட்டை விட்டுப் போ’ என்ற சொல்லுக்குப் பயந்தே வாழ்ந்தவளுக்குத் தன் பெயரில் ஒரு காகிதம் கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. அதில் மாமியார், கணவர், படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இருந்தால் அவள் எங்கே சற்றுத் தலை சாய்ப்பாள்? யாரிடமாவது மனம்விட்டுப் பேசவேண்டுமென்றால் எந்தக் கதவைச் சாத்துவாள்? பட்டா தரும் தைரியமும் இடநெருக்கடி தரும் புழுக்கமும் ஒரே பெண்ணுக்குள் எதிரெதிராக இழுக்கின்றன. ‘சொந்த வீடு’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் இரண்டுமே நம் கண்ணில் படாது.

லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் 458 பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் வெளியிட்ட நூலில், மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாத பெண்களை மனச்சோர்வு எளிதில் பற்றுகிறது என்று காட்டினார்கள். அங்கே அது உறவைப் பற்றிய கேள்வி. நம் ஊரில் அது இடத்தைப் பற்றிய கேள்வியும்கூட என்பது என் எண்ணம்.

நேரத்தையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தன் வீட்டுவேலையைச் செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார். ஆண் 97 நிமிடம். அந்த வேலையைத் தொட்ட ஆண்களே நான்கில் ஒருவர்தான். காத்திருப்பு இந்தக் கணக்கில் முழுதாக வராது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தூக்கத்திலும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஓய்வு நேரம்கூட ஓய்வாக இருப்பதில்லை.

இன்னொன்று. ‘மன அழுத்தம் உண்டா?’ என்று கேட்டால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, குப்பம் போன்ற ஊர்களில் பல பெண்கள் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்பார்கள். தலைவலி, முதுகுவலி, தூக்கமில்லை என்பதைத் தாமாகவே சொல்வார்கள். கேள்வித்தாள் அங்கிருந்து தொடங்கட்டும். தெலுங்கிலும் தமிழிலும் இருக்கட்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாங்கிய பதிலா, தனியாக வாங்கிய பதிலா என்பதையும் எழுதி வையுங்கள். இன்று கட்டுரை வாசிப்பவர்கள் தங்கள் தரவு எப்படிப்பட்ட வீட்டுக்குள் திரட்டப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட்டு முடிவுகளுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.