சின்ன ஆபரேஷன், பெரிய ஏற்பாடு



நாலு வயதுப் பையன் ஒருவன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேலைதான். ஆனால் அவனுக்கு ஹர்லர் நோய் இருந்தால், ஆபரேஷனைவிட மயக்கம் கொடுப்பதுதான் பெரிய சவால்.

ஹர்லர், ஹன்டர் இரண்டும் எம்.பி.எஸ். எனப்படும் அரிய மரபணு நோய்கள். சார்லஸ் ஹன்டர் 1917-இலும், கெர்ட்ரூட் ஹர்லர் 1919-இலும் இவற்றை விவரித்தார்கள். உடலில் ஒரு நொதி குறைவதால், சிதைய வேண்டிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் திசுக்களில் படிந்துகொண்டே போகும். நாக்கு தடிக்கும்; டான்சில், அடினாய்டு வீங்கும்; தாடை இறுகும். வயது ஏற ஏற மூச்சுப்பாதை குறுகும். மூன்று வயதில் மூச்சுக்குழாய்க்குள் சுலபமாக டியூப் போட்ட குழந்தைக்கு எட்டு வயதில் போட முடியாமல் போகலாம். 'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே' என்று அசட்டையாக இருக்கவே கூடாது.

மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரியும். எடைக்கு எடை பார்த்தால் குழந்தைக்குப் பெரியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும், கையிருப்போ குறைவு. மூச்சு தடைபட்டால், விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கிவிடும். அதனால் பெரும்பாலும் செவோஃப்ளுரேன் வாயுவை மாஸ்க் வழியாக மெல்லக் கொடுத்து, குழந்தை தானாக மூச்சுவிடுவது நிற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். தொண்டைக்குள் லாரிஞ்சியல் மாஸ்க்கைப் பொருத்தி, அதன் வழியே வளையும் ஸ்கோப்பை இறக்கி, குரல்நாண்களைக் கண்ணால் பார்த்தபடியே டியூபை நழுவவிடுவதும் உண்டு. திரும்பத் திரும்ப முயன்றால் தொண்டை வீங்கி, இருக்கிற வழியும் அடைபடும். ஆகவே முதல் முயற்சியே முழு ஏற்பாட்டோடு நடக்க வேண்டும். கழுத்தில் துளையிட்டு வழி செய்யத் தெரிந்த காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அதே அறையில் நிற்பது அவசியம். வீட்டிலிருந்து கூப்பிட அப்போது நேரமிருக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை குறட்டை விடுகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, மல்லாந்து படுக்க மறுக்கிறதா, எல்லாவற்றையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும், டியூப் எப்படிப் போடப்பட்டது, என்ன சிரமம் இருந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் ஸ்கேன் எடுக்கப் போனாலும், மயக்கம் கொடுப்பார்கள் என்றால் அந்தத் தாளை முதலில் காட்டுங்கள்.