சமூக நலத் திட்டங்களும் செவிலியரும்



அரசாங்கத் திட்டம் என்பது முதலில் ஒரு கோப்பு. தலைநகரில் கையொப்பமாகி, சுற்றறிக்கையாக மாநிலங்களுக்குச் சென்று, மாவட்டம், வட்டம் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. அது மனிதரைச் சந்திக்கும் இடம் எது? தாய் சேய் நலத்தைப் பொறுத்தவரையில், ஒரு செவிலியரின் பையும் பதிவேடுமே அவ்விடம். அச்செவிலியரைப் பற்றியும், பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் வாழும் நம்மவர் அவரிடம் பெறத்தக்கவை பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

ஸர் ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைந்த குழு, 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார். செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவர். அதே 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. ஆயினும் பட்டம் பெற்ற செவிலியர் சிற்றூருக்குப் போய்ச் சேரும்வரை பிரசவங்கள் காத்திருக்குமா? ஆகவே குறுகிய காலப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர் என்னும் பிரிவை அரசு ஏற்படுத்திற்று. பின்னர், மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்ப நலத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே வீடு தேடி வருவது வீண் என்று கண்டு, ஒருவரே பல பணிகளையும் கவனிக்க வேண்டும் என 1973-இல் கர்தார் சிங் குழு பரிந்துரைத்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. நகரங்களில், 2013-இல் தொடங்கிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின்படி, ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒரு துணைச் செவிலியர்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. திட்ட ஆவணங்களைத் தமிழாக்கும்போது ‘பயனாளி’ என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பத்து முறை எழுத நேர்கிறது. முகமே இல்லாத சொல் அது. ‘செவிலி’ அப்படியன்று. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கு அப்பெயர். மகள் பிரிந்து சென்ற பின் வழியில் வருவோரையெல்லாம் விசாரிப்பவளும் அவளே. ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்தவர் இதைவிடப் பொருத்தமாகத் தேடியிருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

பலன் விளைந்ததா என்று கேட்டால், விளைந்தது. 2005-06-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நூற்றுக்கு 38.7 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21 ஆய்வில் அது 88.6 ஆயிற்று. இதற்கு 2005-இல் வந்த ஜனனி சுரக்ஷா யோஜனாவின் உதவித்தொகையைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. அது ஓரளவு உண்மை. ஆனால், மாதந்தோறும் வந்து இரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, மாமியாரிடமும் பேசி இணங்க வைத்தவர் எவர்? பணம் அந்த வேலையைச் செய்வதில்லை.

இனி நம்முடைய நிலைமை. நம் பெண்கள் பலர் ஏழாம் எட்டாம் மாதத்தில் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். குழந்தை பிறந்து மூன்று மாதமானதும் திரும்புகிறார்கள். இங்கே தொடங்கிய பதிவு அங்கே தொடர்வதில்லை. அங்கே போட்ட ஊசி இங்கே தெரிவதில்லை. இரண்டு செவிலியருக்கும் இடையில் அந்தத் தாய் கணக்கில் அகப்படாமல் போகிறாள். நகருக்குள்ளேயே இடம் பெயர்ந்தாலும் இதே கதைதான். 2025 ஜூன் மாதம் தில்லி ஜங்புராவிலிருந்த மதராஸி முகாம் அகற்றப்பட்டு, தகுதி பெற்ற குடும்பங்களுக்கு வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. வீட்டுக்குப் பட்டியல் இருந்தது. பாதித் தவணை தடுப்பூசி போட்டிருந்த குழந்தைகளைப் புதிய இடத்துச் செவிலியர் தாமே தேடிக் கண்டறிய வேண்டும்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் பிரசவத்துக்கு 5,000 ரூபாய் இரு தவணையாகக் கிடைக்கும். கர்ப்பத்தைப் பதிந்து ஒரு முறையேனும் பரிசோதனை செய்துகொண்டால் முதல் தவணை 3,000. பிறப்பைப் பதிந்து, முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்தால் 2,000. இரண்டுக்கும் ஆதாரம் செவிலியர் எழுதும் பதிவே.

தாய் சேய் பாதுகாப்பு அட்டையை ஆகவே பெட்டியில் பூட்டிவிட்டு ரயிலேறாதீர்கள்; கைப்பையில் இருக்கட்டும். அது இந்தியில் அச்சானதாயினும், குஜராத்தியில் அச்சானதாயினும், ஊசியின் பெயரும் தேதியும் நம் ஊர்ச் செவிலியருக்கு விளங்கும். பிறந்தவுடன் பி.சி.ஜி.யும் போலியோ சொட்டும், 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி என்னும் வரிசை நாடெங்கும் ஒன்றே. 2011 முதல் அரசு மருத்துவமனைகளில், அறுவைப் பிரசவம் உட்பட, பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை; மருந்தும் உணவும் ஊர்திச் செலவும் அதில் சேர்ந்தவை.

செவிலியர் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒரே செய்தியை ஏட்டிலும் எழுதி, கைப்பேசியிலும் பதிய வேண்டியிருக்கிறது. பலர் ஒப்பந்த முறையில் பணிபுரிகிறார்கள். நிரந்தரப் பணியாளருக்குள்ள ஊதியமும் ஓய்வூதியமும் அவர்களுக்கு இல்லை. 2021-இல் கோவிட் ஊசி நூறு கோடியைத் தாண்டியதை நாடு கொண்டாடியது. அவற்றுள் மிகப் பல இவர்கள் கையால் போடப்பட்டவை. இப்பணிச் சுமையைக் குறைக்காமல் அதே தோளில் புதிய திட்டங்களை ஏற்றுவது முறையன்று என்பது என் எண்ணம்.

உங்கள் பகுதிச் செவிலியரைக் கண்டுகொள்வது கடினமன்று. மாதம் ஒரு நாள் அங்கன்வாடிக்கு அவர் வருவார். எந்த நாள் என்பதை அங்குள்ள பணியாளரிடம் கேட்கலாம். மொழி தெரியாதே என்று தயங்கும் அண்டை வீட்டுப் பெண் யாரேனும் இருந்தால், அந்த நாளில் அவளுடன் நீங்களும் சென்று, பெயரும் கடைசி மாதவிலக்குத் தேதியும் சரியாகப் பதிவாகின்றனவா என்று பார்த்து வாருங்கள்.