அழுங்கும் அதன் கவசமும்

ஏறாவூரிலிருந்து மேற்கே, வயல்வெளியைக் கடந்து உறுகாமத்துப் பக்கம் செல்வோர், பற்றைக்காட்டினிடையே உடைந்து கிடக்கும் கறையான் புற்றுகளைக் காண்பர். புற்றைக் கரடியும் உடைக்கும், அழுங்கும் உடைக்கும்.

அழுங்கு இரவில் உலவும் பிராணி. பகலில் வளையில் உறங்கும். தலை முதல் வால்நுனி வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுடையது. வாயில் ஒரு பல்லும் இல்லை. முன்னங்கால் நகங்களாற் புற்றைக் கிழித்து, பசையூறிய நாவினாற் கறையானையும் எறும்பையும் வாரி விழுங்கும். அரைக்கும் வேலை வயிற்றினுடையது. பகை நெருங்கினால், தலையை வயிற்றோடு மடக்கிப் பந்தாகச் சுருண்டுவிடும். அப்பந்தைப் பிரிப்பது சிறுத்தைக்கும் அரிது.

கவசம் பூண்ட மற்றொரு குலம் அமெரிக்கக் கண்டங்களில் உண்டு. அதுவே ஆர்மடில்லோ. 1832இல் சார்லஸ் டார்வின், ஆர்ஜென்டீனாவின் புன்தா அல்தா கடற்கரையில், இறந்தொழிந்த பெருவிலங்குகளின் எலும்புகளோடு கவசத் துண்டுகளையும் கண்டெடுத்தார். அவை அந்நாட்டில் வாழும் ஆர்மடில்லோவின் ஓட்டினை ஒத்திருந்தமை அவரது சிந்தனையைத் தூண்டிற்று. ஆர்மடில்லோவுக்கு உறவான ஹோல்மெசினா என்னும் விலங்கு இரண்டு மீற்றர் நீளம் வளர்ந்தது. புல்பூண்டுகளை அரைத்துண்டு வாழ்ந்தது. பனியூழியின் இறுதியில் மறைந்தது.

முற்காலத்து அறிஞர் அழுங்கையும் ஆர்மடில்லோவையும் பல்லில்லா விலங்குகள் என ஒரே வகுப்பிற் சேர்த்தனர். மரபணு ஆராய்ச்சி அதனைத் திருத்திவிட்டது. அழுங்குக்கு நெருங்கிய உறவு, நாயும் பூனையும் அடங்கிய ஊனுண்ணிக் குலமே. தற்காப்பு என்னும் ஒரே தேவை, உறவற்ற இரு குலங்களுக்குக் கவசத்தை அளித்தது.

கவசத்தின் பொருளும் ஒன்றன்று. ஆர்மடில்லோவின் ஓட்டினுள் இருப்பது எலும்பு. அது மண்ணிற் புதைந்து கல்லாகி நிலைக்கும். அழுங்கின் செதிலோ நமது நகத்தின் பொருளால் ஆனது, பெரும்பாலும் மட்கிவிடும்.

அச்செதிலில் மருந்துண்டு என்னும் நம்பிக்கையே அதற்கு யமனாயிற்று. இறைச்சிக்காகவும் அதனைக் கொல்வர். சிறுத்தையை வென்ற உபாயம் மனிதனிடம் பலிப்பதில்லை. சுருண்டு கிடப்பதைத் தூக்கிச் சாக்கிலிட வலிமை வேண்டுவதில்லை. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும் பிராணி, இத்தகைய இழப்பை எவ்வாறு ஈடுசெய்யும்? இலங்கைச் சட்டம் அழுங்கைக் காக்கின்றது. 2016இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய மாநாடும் எட்டு அழுங்கினங்களின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யத் தீர்மானித்தது. எனினும், காட்டோரத்து மக்களின் கருணையே அதற்கு முதற்காவல்.

ஹோல்மெசினா மறைந்தும் அதன் ஓடு சாட்சி கூறுகின்றது. அழுங்கு மறைந்தால் சாட்சி கூறச் செதிலும் எஞ்சாது. உடைப்பாரற்ற புற்றுகளே எஞ்சும்.