செங்கல்லுக்குள் இரும்பு



இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் 1797-இல் ஆளிநார் நூற்பாலை ஒன்று எழுந்தது. ஐந்தடுக்குச் செங்கற் கட்டடம். அக்கால ஆலைகளின் தூண்களும் உத்திரங்களும் பெரும்பாலும் மரமே. நார்த்தூசி படிந்த தளத்தில் விளக்குப்பொறி ஒன்று விழுந்தால் போதும், ஆலையே சாம்பலாகும். இலண்டனின் ஆல்பியன் மாவாலை 1791-இல் எரிந்தழிந்தது. இந்த அச்சத்துக்கு விடை தந்தவர் சார்லஸ் பேஜ். தூணையும் உத்திரத்தையும் வார்ப்பிரும்பாக்கினார்; உத்திரங்களுக்கிடையே செங்கல் வளைவுகள் கட்டித் தளம் பரப்பினார். உலகின் முதல் இரும்புச்சட்டகக் கட்டடம் அதுவே. வானளாவிய மாடங்களுக்கெல்லாம் பாட்டன் என்று அதனைப் போற்றுவர்.

ஆயினும், தீக்கு அஞ்சாத அக்கூரையின்கீழ்ச் சிறுவர்களும் நெடுநேரம் உழைத்தனர். பொருளைக் காத்த அறிவு அப்பிள்ளைகளின் பொழுதைக் காக்கவில்லை.

நூற்பாலை 1886-இல் மூடப்பட்டது. 1897 முதல் பார்லியை முளைகட்டும் மால்ட் கூடமாயிற்று. வெளிச்சம் புகாதிருக்கச் சாளரங்கள் பல செங்கல்லால் அடைக்கப்பட்டன. 1987-இல் அப்பணியும் ஓய்ந்தது. நெடிய செப்பனிடலுக்குப்பின் 2022-இல் மக்களுக்காகத் திறக்கப்பட்டது.

யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்றே பொருள். தளங்களைத் தாங்கும் இரும்பு, வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கவிதையின் கட்டும் அவ்வாறே அமைதல் நன்று. அதனுள் வாழ்வோரை மறவாதிருத்தல் அதனினும் நன்று.