ஊரறிந்த விடை காவலாகுமா?

(திருவண்ணாமலையில் விவசாயிகளிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையத்தில் கணக்குத் தொடங்கும்பொழுது சில நிறுவனங்கள் கடவுச்சொல்லோடு நிற்பதில்லை. தாங்கள் பிறந்த ஊர் எது, தாயாரின் பெயர் என்ன, முதலில் படித்த பள்ளி எது என்று ஒரு கேள்வி கேட்டு, விடையையும் பதிந்துகொள்கின்றன. கடவுச்சொல் மறந்துபோனால், அவ்விடையைச் சொல்லுகிறவரையே இயந்திரம் கணக்குக்கு உடையவராக ஏற்றுக்கொள்ளும். ஆகவே இது கொல்லைப்புறக் கதவு. வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இதனைக் கயிற்றால் கட்டிவைக்கிறோம்.

நம் ஊர்களில் இவ்விடைகள் யாருக்குத் தெரியாதவை? பெயருக்கு முன்னுள்ள எழுத்தே தகப்பனார் பெயருக்குத் துப்புச் சொல்லுகிறது. வாக்காளர் பட்டியலில் தந்தை அல்லது கணவரின் பெயரும் வயதும் அச்சாகின்றன. கலியாணப் பத்திரிகையைப் பிரித்தால் பாட்டனார் முதல் தாய்மாமன் வரை, ஊர்ப் பெயரோடு வரிசையாக இருக்கிறார்கள். பள்ளியோ பல கிராமங்களில் ஒன்றே ஒன்று. பிடித்த தலம் எது என்று இவ்வட்டாரத்தாரைக் கேட்டால், அயலூர்த் திருடனும் முதல் முயற்சியிலேயே அண்ணாமலையார் கோயில் என்று எழுதிவிடுவான்!

2008-ஆம் ஆண்டில் அமெரிக்கத் துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் அம்மையாரின் யாஹூ மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவன் இவ்வாறே திறந்தான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரைச் சந்தித்த இடம் ஆகியவற்றை அவன் பொதுவில் கிடைத்த செய்திகளிலிருந்தே அறிந்துகொண்டான். கூகுள் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலம் பேசுவோரின் பிடித்த உணவை ஒரே ஊகத்தில் சொல்லிவிட நூற்றுக்கு ஏறத்தாழ 20 வாய்ப்பு உண்டு என்று கண்டார்கள்.

அப்படியானால் என்ன எழுதுவது? உண்மையை எழுத வேண்டியதில்லை. வங்கி விண்ணப்பத்தில் கேட்கும் விவரங்கள் மெய்யாகவே இருக்க வேண்டும், அது வேறு. இந்தக் காவல் கேள்விக்கு மட்டும், முதலில் பதிந்த எழுத்துக்களும் பிறகு தருபவையும் ஒத்திருக்கின்றனவா என்றே இயந்திரம் பார்க்கிறது. பிறந்த ஊர் எது என்றால் "மரக்கால் ஏழு கொக்கு" என்று எழுதலாம். (இதையே எழுதிவிடாதீர்கள், இங்கே எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.) மெய்யான விடையிலும் ஒரு தொல்லை உண்டு. திருவண்ணாமலையை ஆங்கிலத்தில் 'டி' என்று தொடங்கி 'எச்' சேர்த்தும் எழுதுகிறோம், சேர்க்காமலும் எழுதுகிறோம். அன்று ஒருவிதம், இன்று ஒருவிதம் எழுதினால் உடையவருக்கே கதவு திறவாது.

ஒரே விடையைப் பல கணக்குகளுக்குக் கொடுப்பதும் தவறு. 2013-இல் யாஹூவில் நடந்த பெருந்திருட்டில் 300 கோடிக் கணக்குகள் சிக்கின. சிலருடைய கேள்வி விடைகளும் களவு போயின. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், பெற்ற தாயின் பெயரை மாற்ற முடியுமா?

பிறர் கையால் கணக்குத் தொடங்குவோர் விடையைத் தாமே சொல்லி எழுதச் செய்து, வீடு திரும்பியதும் மாற்றிவிடுவது நலம். அதனை ஒரு நோட்டில் குறித்துப் பட்டா, பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கேள்விக்குப் பதில் கைப்பேசிக்கு ஓ.டி.பி. எண் வரும் ஏற்பாடு இருந்தால் அதனையே கொள்ளுங்கள். ஆனால் பதியும் எண் தங்களுடையதாக இருக்கட்டும், வரும் ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லற்க. பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் நாள் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, வங்கிக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.